பெருங்காயத்திலும் கோதுமை

கரமனையில் எங்கள் கிராமத்துத் தெருவில் எந்த வீட்டில் கல்யாணம் என்றாலும் பந்தியில் ஒரு கேள்வி எனக்காகக் காத்திருக்கும். "மாமி, சாம்பாரை ஏன் வேண்டாங்கறேள்? நன்னாயில்லையா?" பரிமாறுகிறவர் கேட்பார், அடுத்த இலைக்காரர் கேட்பார், கடைசியில் பெண்ணைப் பெற்றவரே வந்து கவலையோடு நிற்பார். "கோதுமை ஒத்துக்காது" என்று சொல்லிப் பார்த்தேன். "சாம்பாரில் ஏது மாமி கோதுமை?" என்று சிரிக்கிறார்கள். அதற்குப் பந்தியில் உட்கார்ந்துகொண்டு பதில் சொல்லி முடியாது. ஆகவே நம் சங்கப் பத்திரிகையில் எழுதிவிடலாம் என்று துணிந்தேன். (அக்கிரகாரத்தை இந்தப் பக்கத்தில் கிராமம் என்றுதான் சொல்வோம். வெளியூர் அன்பர்கள் வயல்வெளியைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். வாசலில் இறங்கினால் பஸ் மோதும்.)

எனக்கு வயது 62. முன்னோர்கள் கல்லிடைக்குறிச்சியிலிருந்து வந்தவர்கள்; மூன்று தலைமுறையாகத் திருவனந்தபுரம். எனக்கு இருக்கும் நோய்க்குச் சீலியாக் என்று பெயர். கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், என் உடம்பின் காவல் படை அதை எதிரி என்று நினைத்துப் புறப்பட்டு, அந்த வேகத்தில் என் சிறுகுடலையே தாக்கிவிடுகிறது. குளூட்டன் என்றால் என்னவென்று அறிய விரும்புகிறவர்கள் பரோட்டா போடுகிறவரைக் கொஞ்ச நேரம் நின்று பார்க்கலாம். மைதா உருண்டையை அவர் வீசி வீசித் துணிபோல விரிக்கிறாரே, கிழியாமல் அப்படி இழுபடுவதற்குக் காரணம் அந்தப் புரதம்தான். அரிசி மாவில் அது இல்லை. அதனால்தான் அரிசி மாவில் பரோட்டா வீச முடியாது.

1988-ல் கல்யாணமாகி டில்லிக்குப் போனேன். என் கணவருக்கு மத்திய சர்க்கார் வேலை. பதினாறு வருஷம் அங்கே இருந்தோம். காலையில் ரொட்டி, மத்தியானம் டப்பாவில் சப்பாத்தி, இரவிலும் அதுவே. முதல் இரண்டு மூன்று வருஷம் ஒன்றும் தெரியவில்லை. பெண் பிறந்த பிறகு ஆரம்பித்தது. சாப்பிட்டால் வயிறு மத்தளம் போல் உப்பிக்கொள்ளும், சில நாள் போக்கு, வாயில் புண், மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 7-க்கு இறங்கியது. இரும்பு மாத்திரை கொடுத்தார்கள். அதை நான் வருஷக் கணக்கில் விழுங்கினேன், அது என் உடம்பில் சேரவே இல்லை. தெம்பு வரட்டும் என்று ஒரு டாக்டர் மால்ட் பானம் வேறு குடிக்கச் சொன்னார். மால்ட் என்பது முளைகட்டிய பார்லி என்று பின்னால் தெரிந்தபோது அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

2004-ல் கரமனைக்குத் திரும்பினோம். மாமியார் சமையல். காலையில் இட்லி, மத்தியானம் சாதம், ராத்திரி மோர் விட்டுப் பிசைந்த சாதம். ஆறு மாதத்தில் முகத்தில் ரத்தம் ஊறியது. "ஆத்துத் தண்ணி பண்ற வேலை" என்று மாமியார் கரமனை ஆற்றுக்குப் பெருமையைக் கொடுத்தார். நானும் நம்பினேன். 2009-ல் என் கணவருக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. நம் வீடுகளில் சர்க்கரை வந்தால் அடுத்த நாளே சப்பாத்திக் கல் வந்துவிடும் அல்லவா? அவருக்குச் சுடும்போது எனக்கும் இரண்டு. அதோடு ஏகாதசி. அரிசி கூடாது என்பதால் மலையாள தேசத்தில் ஏகாதசி என்றால் கோதுமைதான். கோதுமைக் கஞ்சி, ரவை உப்புமா, சப்பாத்தி. மாதத்தில் இரண்டு நாள் பகவானுக்காகப் பட்டினி என்று நினைத்துக்கொண்டு நான் விஷத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். 54 கிலோ இருந்தவள் 41 ஆனேன்.

அடுத்த நாலு வருஷத்தில் பார்த்த டாக்டர்களின் பெயரையோ ஆஸ்பத்திரிகளின் பெயரையோ எழுதப் போவதில்லை. எவரும் வேண்டுமென்று தவறு செய்யவில்லை. ஒருவர் மனக்கவலை என்றார். ஒருவர் குடலில் டி.பி. இருக்கலாம் என்று ஸ்கேன் எடுத்தார். இன்னொருவர் ஸ்புரூ என்று ஆன்டிபயாடிக்கும் ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் கொடுத்தார். அந்தச் சந்தேகத்துக்கு நியாயம் உண்டு. தென்னிந்தியாவில் 1960-களின் தொடக்கத்தில் அந்த ஸ்புரூ ஊர் ஊராகப் பரவி ஆட்களை உருக்கியிருக்கிறது; வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் டாக்டர் செல்வின் பேக்கரும் டாக்டர் வி.ஐ. மாத்தனும் அதைப் பற்றிச் செய்த ஆராய்ச்சி உலகப் புகழ் பெற்றது. அதிலும் குடல் இப்படித்தான் தேயும். ஆகவே தெற்கத்தி உடம்பு மெலிந்து போக்கு என்று வந்தால் இங்குள்ள டாக்டர்களுக்கு முதலில் ஸ்புரூவும் டி.பி.யும்தான் ஞாபகத்துக்கு வரும். சீலியாக் என்பது வெள்ளைக்காரர்களின் நோய், போனால் போகிறது, பஞ்சாபிகளின் நோய் என்று நினைத்த காலம் அது.

2013-ல் ஒரு இளம் டாக்டர், மலையாளிப் பெண், என் ஃபைலைப் புரட்டிவிட்டு, மருந்தைப் பற்றிக் கேட்காமல், "ராத்ரி எந்தா கழிக்காறு?" என்று கேட்டாள். சப்பாத்தி என்றேன். "எத்ர கொல்லமாயி?" என்றாள். டில்லிக் கதையைச் சொன்னேன். டிரான்ஸ்குளுட்டாமினேஸ் எதிர்ப்பொருள் என்று ஒரு ரத்தப் பரிசோதனை. அது எக்கச்சக்கமாக இருந்தது. பிறகு வாய் வழியாகக் குழாய் விட்டுச் சிறுகுடலின் முதல் பகுதியிலிருந்து துணுக்குகள் எடுத்தார்கள். நல்ல குடலின் உட்புறம் கம்பளம் மாதிரி நூல்நூலாக நிற்குமாம். அந்த நூல்கள்தான் சத்தை உறிஞ்சுகின்றன. என்னுடையது தேய்ந்துபோன மிதியடி மாதிரி மொட்டையாக இருந்தது. இரும்புச் சத்து பெரும்பாலும் அந்த முதல் பகுதியில்தான் உறிஞ்சப்படுகிறது. நான் விழுங்கிய மாத்திரைகள் எங்கே போயின என்பது அன்றைக்குத்தான் விளங்கிற்று. சுண்ணாம்புச் சத்தும் சேராமல் எலும்பும் பலம் குறைந்திருந்தது.

"மருந்து?" என்றேன். மருந்து கிடையாது, ஆயுசுக்கும் கோதுமை, பார்லி, ரை தொடக்கூடாது, அதுதான் வைத்தியம் என்றாள். இவ்வளவுதானா என்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன். அரிசி தின்கிற ஜாதி, நமக்கென்ன கஷ்டம் என்ற நினைப்பு. கஷ்டத்தைச் சொல்வதற்கு முன்னால் ஒரு சின்னக் கதை.

இந்த நோயை 1888-ல் சாமுவேல் ஜீ என்ற லண்டன் டாக்டர் தெளிவாக எழுதி வைத்தார். சாப்பாட்டில்தான் வைத்தியம் இருக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. எந்தச் சாப்பாடு என்பதுதான் பிடிபடவில்லை. 1924-ல் அமெரிக்காவில் சிட்னி ஹாஸ் என்பவர் வாழைப்பழ வைத்தியம் கண்டுபிடித்தார். ரொட்டியை நிறுத்திவிட்டு நாள் முழுவதும் வாழைப்பழமாகக் கொடுத்ததில் குழந்தைகள் பிழைத்தார்கள். பெருமை வாழைப்பழத்துக்குப் போயிற்று, ரொட்டியை நிறுத்தியதுதான் காரணம் என்று யாருக்கும் தோன்றவில்லை. என் மாமியாரும் ஆற்றுத் தண்ணீரும் போலத்தான். கடைசியில் கண்டுபிடித்தவர் ஹாலந்து தேசத்துக் குழந்தை வைத்தியர் வில்லம் டிக்கெ. 1930-களிலேயே அவருக்குக் கோதுமை மேல் சந்தேகம். 1944–45 குளிர்காலத்தில் யுத்தத்தினால் ஹாலந்தில் பெரும் பஞ்சம் வந்து ரொட்டியே கிடைக்காமல் போனது. ஊரெல்லாம் பட்டினியில் வாடியபோது இந்த நோய்க் குழந்தைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்தார்கள். 1950-ல் அதை ஆராய்ச்சி நூலாக வெளியிட்டார்.

இதைப் படித்தபோது நம் ஊர்க் கதை நேர் எதிராக நடந்ததை நினைத்துக்கொண்டேன். அதே யுத்தத்தில் பர்மா அரிசி வராமல் திருவிதாங்கூர் தவித்தது. மரச்சீனிக் கிழங்குதான் பல குடும்பங்களைக் காப்பாற்றியது. பிறகு ரேஷன் வந்தது, 1960-களில் ரேஷனோடு அமெரிக்கக் கோதுமையும் வந்தது. எங்கள் பாட்டி அதைக் களைந்து என்ன செய்வதென்று தெரியாமல் கஞ்சி வைப்பாளாம். "ரேஷன் கோதுமை" என்று அலட்சியமாகச் சொல்லப்பட்ட பண்டம் ஐம்பது வருஷத்தில் ஆரோக்கிய உணவாகிவிட்டது.

2016-ல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி இதற்குக் கணக்குக் கொடுக்கிறது. வேலூர் மருத்துவர்களும் வட இந்திய, வடகிழக்கு மருத்துவர்களும் சேர்ந்து 23,000-க்கும் மேற்பட்ட பெரியவர்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். சீலியாக்குக்கு உரிய எதிர்ப்பொருள் வடக்கே நூற்றுக்கு 1.23 பேரிடம், வடகிழக்கே 0.87, தெற்கே 0.10. நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணு மூன்று பகுதிகளிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். சாப்பாடுதான் வேறு: வடக்கே ஓர் ஆள் நாளைக்குச் சராசரி 455 கிராம் கோதுமை சாப்பிட, தெற்கே 25 கிராம். வடகிழக்கில் 37 கிராம் சாப்பிட்டும் அவ்வளவு பேர் இருப்பதால் கோதுமை மட்டுமே முழுக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. இருந்தாலும் டில்லி, பம்பாய், வளைகுடா என்று பிழைக்கப் போய் மாவு டப்பாவோடு குடும்பம் நடத்தும் நம்மவர்களுக்கு இதில் சேதி இருக்கிறது. ரத்தசோகை மருந்துக்கு அடங்கவில்லை, குழந்தை வயசுக்கேற்ப வளரவில்லை, வயிறு சரியாகவில்லை என்றால் இந்த ஒரு ரத்தப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

இனி என் சமையல்கட்டு. சப்பாத்தி, ரவை, சேமியா, மைதா, பிஸ்கட், ரொட்டி, இவற்றை நிறுத்துவது ஒரு நாள் வேலை. நிறுத்தினேன். நாலு மாதம் கழித்து ரத்தம் பார்த்தால் எதிர்ப்பொருள் பாதிகூட இறங்கவில்லை. "எங்கோ உள்ளே போகிறது, தேடுங்கள்" என்றாள் டாக்டர். ஒரு நோட்டுப் புத்தகம் போட்டுத் தினமும் தின்றதை எழுதினேன். இட்லி, சாதம், ரசம், கூட்டு, அப்பளம், நாரத்தங்காய் ஊறுகாய். ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு நாள் பெருங்காய டப்பாவைத் துடைத்து வைக்கும்போது பின்புறம் பொடி எழுத்தில் கண்ணில் பட்டது: கோந்து, கோதுமை மாவு, பெருங்காயம். நாம் பெருங்காயம் என்று வாங்குவது, பொடியானாலும் கட்டியானாலும், பெரும்பாலும் கூட்டுப் பெருங்காயம். காபூல், ஈரான் பக்கத்திலிருந்து வருகிற அசல் பால் தாங்க முடியாத காரமாகவும் விலையாகவும் இருப்பதால் மாவு சேர்த்துத்தான் விற்கிறார்கள். அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, டப்பாவிலேயே எழுதியிருக்கிறது. படிக்காதது என் தப்பு. சாம்பார், ரசம், மோர், ஊறுகாய், அப்பளம், மிளகாய்ப்பொடி என்று தமிழர் சமையலில் அது நுழையாத பாத்திரம் ஏது? ஒரு சிட்டிகைதானே என்பார்கள். சீலியாக்காரருக்குச் சிட்டிகையே போதும். குளூட்டன் இல்லாதது என்று ஒரு பொருளை நம் நாட்டில் விற்க வேண்டுமானால் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது என்பது சட்டம். ஒரு கிலோவில் 20 மில்லிகிராம்! சாலை கம்போளத்தில் கடை கடையாக ஏறி, அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் கண்டுபிடித்தேன். இன்றைக்கு அது சாதாரணமாகவே கிடைக்கிறது. டப்பாவைத் திருப்பிப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

வேடிக்கை என்னவென்றால் வருஷத்தில் ஒரு சமையலை மட்டும் நான் அன்றும் பயமில்லாமல் சாப்பிட்டிருக்கிறேன். அது மாமனார் திவசச் சமையல். எங்கள் வீட்டில் சிராத்தத்துக்குப் பெருங்காயமும் கிடையாது, மிளகாயும் கிடையாது. மிளகும் சீரகமும்தான்.

அடுத்த எதிரி மாவு மில். எங்கள் தெருக்கோடி மில்லில் ஒரே மிஷினில் முன்னால் போனவர் கோதுமை பொடித்திருப்பார், பின்னால் என் அரிசி போகும். மில்காரர் நல்ல மனுஷர். "மாமி, முதல் ரெண்டு படி உங்களுதா இருந்தாலும் கோதுமைதான் வரும்" என்று அவரே சொல்லிவிட்டார். மிஷினின் உள்ளே ஒட்டியிருப்பதை யார் சுரண்டுவது? ஆகவே புட்டு, இடியாப்பம், முறுக்கு எல்லாவற்றுக்கும் வீட்டிலேயே ஊறவைத்து மிக்ஸியில் பொடித்துச் சலித்துக்கொள்கிறேன். கேழ்வரகு, தினை, சாமை எல்லாம் எனக்கு ஆகும். ஆனால் மில்லில் பொடித்த பாக்கெட் மாவாக வாங்குவதில்லை. தானியமாக வாங்கிக் கழுவிக் காயவைக்கிறேன். ஓட்ஸ் வேறு ஜாதி. சுத்தமானது பலருக்கு ஒத்துக்கொள்ளும், ஆனால் சாதாரணமாகக் கடையில் கிடைப்பது கோதுமையோடு புழங்கியது. தோசைக்கல் எனக்குத் தனி, சப்பாத்திக் கல் அவருக்குத் தனி. அடையாளத்துக்கு என் கரண்டிக் காம்பில் சிவப்பு நூல். அவர் இப்போது வாரத்தில் இரண்டு நாள்தான் சப்பாத்தி கேட்கிறார். மற்ற நாள் எனக்கு வார்த்த கேழ்வரகு தோசையை எடுத்துக்கொள்கிறார், நான் கேட்டு அல்ல.

ஏகாதசிக்கு இப்போது மரச்சீனி வேகவைக்கிறேன். இல்லையென்றால் ஜவ்வரிசி, நேந்திரம் பழம். ஹோட்டலில் தோசை மொறுமொறுப்பாக வர மைதாவோ ரவையோ சேர்ப்பவர்கள் உண்டு. உண்ணியப்பத்திலும் அச்சப்பத்திலும் மைதா கலப்பதுண்டு. கேட்டால் சொல்வார்கள், கேட்பதற்குத்தான் எனக்கு இரண்டு வருஷம் கூச்சமாக இருந்தது. பிரசாதம் இன்னும் கஷ்டம். கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அவரிடம் கொடுத்துவிடுவேன். ஒரு மாமி, "அம்பாள் பிரசாதம் தீங்கு செய்யுமா?" என்று கேட்டபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆற்றுக்கால் பொங்கலன்று மட்டும் அந்தச் சங்கடம் இல்லை. மாசி வெயிலில் கரமனை ரோடு நெடுக அடுப்புக் கல் வைத்திருக்கும் பெண்களுக்கு நடுவே என் பானையும் இருக்கும். பச்சரிசி, வெல்லம், தேங்காய். கூடவே தெரளி, மண்டப்புட்டு. அரிசியும் பயறும்தான். பக்கத்து அடுப்புக்காரி கொடுத்தாலும் என்னென்ன போட்டாள் என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுவேன்.

ஒன்றரை வருஷத்தில் ஹீமோகுளோபின் 12 ஆயிற்று, எடை 52. இதோடு கட்டுரையை முடித்திருப்பேன், என் பேத்தி இல்லாவிட்டால்.

இந்த நோய் ரத்தத்தில் வருவது. பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம். அவர்களெல்லாம் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் அன்றே சொல்லியிருந்தாள். பெங்களூரில் இருக்கும் என் பெண் வருஷக் கணக்கில் தட்டிக் கழித்தாள். "உனக்கு இருந்தா எனக்கும் இருக்கணுமாம்மா?" என்பாள். பேத்திக்கு ஏழு வயதாகியும் ஐந்து வயது உயரம். வயிறு மட்டும் முன்னே நிற்கும், எப்போதும் சோர்வு. போனில் இதைக் கேட்டதும் நான் பொறுக்கமாட்டாமல், "இன்னிக்கே கோதுமையை நிறுத்து, குழந்தை பிழைச்சுடுவா" என்றேன். நிறுத்தினார்கள். குழந்தை தேறினாள். அதனால் டாக்டரிடம் போக அவசரமும் இல்லாமல் போயிற்று. எட்டு மாதம் கழித்துப் பள்ளிக்கூட ஹாஸ்டல் விஷயமாக ஒரு சான்று வேண்டுமென்று போனபோது ரத்தத்தில் எதிர்ப்பொருளே இல்லை. இருக்காது. கோதுமை தின்றுகொண்டிருக்கும்போதுதான் இந்தப் பரிசோதனை உண்மை சொல்லும். நிறுத்திவிட்டால் எதிர்ப்பொருளும் இறங்கிவிடும், குடலும் ஆறத் தொடங்கிவிடும். "யார் நிறுத்தச் சொன்னது?" என்று அந்த டாக்டர் கேட்டாராம். என் பெண் என் பெயரைச் சொல்லவில்லை.

ஆயுசு முழுவதும் ஒரு குழந்தையைக் கட்டுப்பாட்டில் வைப்பதென்றால் நிச்சயமாகத் தெரிய வேண்டும், ஊகத்தில் முடியாது. ஆகவே டாக்டரின் மேற்பார்வையில் மறுபடியும் தினம் கோதுமை கொடுக்கச் சொன்னார்கள், எட்டு வாரம். நான் பெங்களூருக்குப் போய்க் கூட இருந்தேன். இரண்டாவது வாரமே வயிற்று வலி. மத்தியானம் பள்ளியிலிருந்து வந்து சுருண்டு படுத்துக்கொண்டு, "பாட்டி, நாளைக்கும் சப்பாத்தி உண்டா?" என்று கேட்பாள். நான்தான் சுட்டுக் கொடுத்தேன். என் பெண்ணால் முடியவில்லை. டில்லியில் பதினாறு வருஷம் சுட்ட சப்பாத்தியெல்லாம் இந்த எட்டு வாரத்துக்கு முன் ஒன்றுமில்லை. கடைசியில் ரத்தமும் சொன்னது, குடல் துணுக்கும் சொன்னது. என் பெண்ணுக்கு இல்லை, பேத்திக்கு இருக்கிறது.

வீட்டில் ஒருவருக்கு இருந்து இன்னொருவருக்குச் சந்தேகம் வந்தால், தயவு செய்து முதலில் பரிசோதனை, பிறகு பத்தியம். என்னைப் போல் போனில் வைத்தியம் சொல்லாதீர்கள்.

குழந்தைக்கு இப்போது ஒன்பது வயது. இந்தச் சித்திரை லீவுக்குக் கரமனைக்கு வந்திருக்கிறாள். போன வருஷத்தைவிட ஒரு சாண் உயரம். தெருவில் யார் எது கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு ஓடிவந்து என்னிடம் காட்டுகிறாள். நேற்று எதிர்வீட்டு மாமி முறுக்கு கொடுத்திருக்கிறார். இவள் கையில் வைத்துக்கொண்டே, "மாவு மில்லில் பொடிச்சேளா, ஆத்தில் பொடிச்சேளா? பெருங்காய டப்பாவைக் காட்டுங்கோ" என்று கேட்டாளாம். மாமி என்னிடம் வந்து, "என்னடி இது, போலீஸ்காரி மாதிரி கேக்கறது?" என்றார். டப்பாவையும் கொண்டுவந்திருந்தார். திருப்பிப் பார்த்தேன். அரிசி மாவு என்று போட்டிருந்தது. ஆனால் முறுக்கு மாவு மில்லில் பொடித்ததாம். முறுக்கைத் தாத்தாவிடம் கொடுத்துவிட்டுப் பேத்தி, "நாம இன்னிக்கே பண்ணலாமா பாட்டி?" என்றாள். அரிசியை ஊறப்போட்டேன்.